ஓவசியர் கடித்த பாதி

ஓவசியர் மாமாவை நினைத்ததும் எனக்கு முதலில் வருவது அவருடைய முன்பற்கள். வெற்றிலைக் காவி ஏறி, ஈரமாக மினுங்கும் இரண்டு பெரிய பற்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு வெள்ளை மருந்துக் குளிசை. கடக் என்று ஒரு சின்னச் சத்தம். ஒரு பாதி உள்ளே போய்விடும். மற்றப் பாதி, ஓரம் எச்சிலில் ஊறி இளஞ்சிவப்பாகி, அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவே வெளியே வரும்.

"இந்தா தங்கச்சி, பாதி உனக்கு."

அவருடைய தங்கை அதை வாங்கிச் சேலைத் தலைப்பில் ஒருதரம் உருட்டித் துடைத்து, வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். நான் எதிர்க் கதிரையில் கைலாய யாத்திரைப் பத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். அது என்ன குளிசை, யாருடைய பேரில் வாங்கியது என்பதைப் பிறகு சொல்கிறேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாமா போய்ச் சேர்ந்து நாலு வருடம். செத்தவரைப் பற்றி இப்படி எழுதக்கூடாது என்கிறார் அம்மா. அம்மாவுக்கு அவர் நல்ல மனிசன். எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் நல்ல மனிசன்தான். "தனிய ஒரு கச்சான்கூடத் தின்னமாட்டார்" என்று இன்றைக்கும் சொல்லுவார்கள். அது உண்மை. கச்சானைக் கூட அவர் பல்லால் பிளந்து ஒரு பருப்பை நீட்டுவார்.

தெருப் போடும் கந்தோரில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். மன்னார் பட்டினத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் முதல் வீடு அவருடையது. அந்தப் படலையைத் தாண்டி யாரும் பாதி வாங்காமல் போக முடியாது. வாழைப்பழம் என்றால் மேல் பாதியைக் கடித்துவிட்டு, பல் பதிந்த கீழ்ப் பாதி. பணிஸ் என்றால் சீனி தூவிய பக்கம் அவருக்கு. பிளேன்ரீ என்றால் அரைக் கிளாஸ் உறிஞ்சிவிட்டு நீட்டுவார். அதில் ஒரு பாக்குத் துருவல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். என் பட்டப் பரீட்சை முடிவு வந்த அன்று கேக் துண்டோடு வீட்டுக்கே வந்தார். கடித்த துண்டு. "படிச்ச பிள்ளை, பாதி உனக்கு" என்றார். அம்மா கண்ணைக் காட்டினார். நான் தின்றேன். அந்தப் பக்கம் கொழகொழவென்று இருந்தது.

அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. பட்டம் கையில், நியமனக் கடிதம் வரவில்லை. சும்மா இருக்க முடியாத பிறவி நான். யாராவது ஒரு பத்திரம் நிரப்பித் தா என்றால் பேனையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மாமா கைலாயம் போகப் போகிறார், ஆள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றே அவர் வீட்டு மேசையில் என் கொப்பி விரிந்துவிட்டது.

மாமாவின் தங்கையை எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரும் சின்னம்மா என்போம். பாப்பாமோட்டையில் வயல் செய்த குடும்பத்தில் கலியாணம் செய்தவர். யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடும்போது சின்னம்மாவின் புருசன் கையில் எடுத்தது ஒரே ஒரு சாமான்: சுவரில் கிடந்த கலண்டரில் இருந்து கிழித்த கைலாய மலைப் படம். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாராம். முகாமில் காய்ச்சலில் அவர் போனபோது அந்தப் படம் சின்னம்மாவுக்கு வந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளையாகி, மலையின் நடுவில் ஒரு சிலுவை போட்டதுபோல இருக்கும். அதைக் குசினி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார்.

"ரெண்டு பேருமாப் போறதெண்டு இருந்தனாங்கள்," என்றார் ஒருநாள், தேங்காய் துருவிக்கொண்டே. "இனி நான் பாத்தால் அவர் பாத்த மாதிரித்தானே? ஒருக்காக் கண்ணால கண்டிட்டன் எண்டால் காணும், பிள்ளை. குளிக்கவும் வேண்டாம், சுத்தவும் வேண்டாம். காணோணும்."

முகாமிலிருந்து தங்கையைக் கூட்டிவந்த அன்றைக்கே மாமா வாக்குக் கொடுத்திருந்தார். "கைலாயம் போறதெண்டால் உன்னையும் கொண்டுதான் போவன். என்ர புண்ணியத்தில பாதி உனக்கு." அந்த வாக்கை நம்பிச் சின்னம்மா பதினொரு வருடம் அவருக்குச் சமைத்தார், தோய்த்தார், அவருடைய பிளேன்ரீயின் மிச்சத்தைக் குடித்தார்.

மாமா சேர்த்த ஆட்கள் ஒன்பது பேர். கொழும்பில் ஒரு முகவர். நேபாளம் வழியாகப் போய், சீனப் பக்கத்தில் ஏறவேண்டும். குழுத் தலைவருக்கு உதவியாள் ஒருவருக்கு இலவச இடம் உண்டு என்று முகவர் சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். "எங்கட படிச்ச பிள்ளை இருக்கு." எனக்கு அன்று இரவு நித்திரை இல்லை. கடல் மட்டத்தில் பிறந்து, பாலத்தைத் தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் காடு என்று வளர்ந்தவள் நான். உயரம் என்ற சொல்லே எனக்குப் படிப்பில் வந்ததுதான். கைலாயத்தைச் சுற்றும்போது பதினெட்டாயிரம் அடிக்கு மேல் ஏறவேண்டும் என்று வாசித்து, அதைச் சிவப்பு மையில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டினேன். மூச்சு எப்படி வாங்கும், தலை எப்படி இடிக்கும், எத்தனை நாள் எங்கே தங்கிப் பழகவேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். "முதல் வேலை பழக்கம் மாமா. ஏறிப் பழகோணும்."

எங்கே ஏறுவது? மன்னாரில் மலை என்றால் உப்பளத்தில் குவித்த உப்புத்தான். மாமா உண்மையிலேயே அங்கே கூட்டிக்கொண்டு போனார். "வெள்ளையா இருக்குது, வழுக்குது, பனி இப்பிடித்தான் இருக்கும்" என்று ஒன்பது பேரையும் வெறுங்காலோடு ஏறச் சொன்னார். அவர் சப்பாத்தோடு கீழே நின்றார். உப்புக் கல் குத்தி, வெடித்த குதிக்கால்களுக்குள் உப்பு இறங்கி, பாப்பாமோட்டை அண்ணர் ஒருவர் ஐயோ என்று உட்கார்ந்துவிட்டார். உப்பளத்துக் காவல்காரர் தடியோடு ஓடிவந்தார். "ஆக்கள் தின்னிற உப்பு! காலைக் கொண்டு உழக்கிறியளே, மூளை இருக்கோ உங்களுக்கு?" அந்தக் கிழமை முழுக்க எனக்கு எதைத் தின்றாலும் அந்தக் கால்கள் நினைவுக்கு வந்தன.

பிறகு பஸாரில் இரும்புக்கடை நானா கட்டிக்கொண்டிருந்த மூன்று மாடிக் கட்டடம் கிடைத்தது. பூச்சு இல்லை, கைப்பிடி இல்லை. அடியிலிருந்து மேல்தட்டுவரை ஐம்பத்திநாலு படி. விடியப்புறம் கொத்தனார்கள் வருமுன் ஏறி இறங்கிக்கொள்ளலாம் என்று நானா சம்மதித்தார். மற்றவர்கள் பத்துத் தரத்தில் படுத்துவிடுவார்கள். சின்னம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு, இருபது, முப்பது, நாற்பது தரம் ஏறி இறங்குவார். மேலே போனதும் ஒரு நிமிடம் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் கோட்டை, பாலம், இரண்டு பக்கமும் தட்டையாகக் கடல். "இவ்வளவு தட்டையான ஊரில இருந்துகொண்டு எங்களுக்கு வந்த ஆசையைப் பார் பிள்ளை" என்று சிரிப்பார். மூச்சு வாங்கியே நான் கண்டதில்லை. வாங்கியதெல்லாம் எனக்குத்தான்.

மாமா கீழே சீமெந்துப் பையில் உட்கார்ந்து கொப்பியில் குறிப்பார். ஒருநாள் அந்தக் கொப்பியைப் பார்த்தேன். சின்னம்மாவின் பேருக்கு நேரே இருபது. மாமாவின் பேருக்கு நேரே இருபது.

"மாமா, சின்னம்மா நாப்பது ஏறினவ."

"ஓம்."

"நீங்கள் ஏறேல்லையே?"

"ஒரு வீடுதானே பிள்ளை. ஒரு உலைச் சோறு. அவ நாப்பது ஏறினால் பாதி எனக்கு."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. துப்பினார். சிவப்பு எச்சில் சீமெந்துத் தூசியில் விழுந்து உருண்டது.

நானாவுக்கு இந்தச் சங்கதி எப்படியோ எட்டிவிட்டது. கடை திறக்க வந்தவர் திறப்புக் கோர்வையைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்: "என்ன ஓவசியர், உங்கட கைலாயத்துக்குப் பாதி ரிக்கற்றும் குடுக்கிறாங்களாமே? தங்கச்சி ஏற, நீங்க புண்ணியம் எடுக்க!"

"நானா, இதெல்லாம் உங்களுக்கு விளங்காது."

"விளங்காதுதான். எங்கட வாப்பா தன்ர காலாலதான் மக்காவைச் சுத்தினவர். உங்களுக்கு வேணுமெண்டால் வெளியில நிக்கிற கழுதை ஒண்டைப் பிடிச்சுத் தாறன். அதில பாதி தங்கச்சிக்குக் குடுங்கோ. பின்பாதி."

கொத்தனார்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு விசுக்கோத்தை எடுத்துப் பாதி கடித்து, மற்றதை நானாவிடம் நீட்டினார். நானா இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டார். மாமாவின் பாதியை வாங்காத ஒரு ஆளை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன். இப்படியும் செய்யலாமா என்றிருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் தெரியத் தொடங்கியது. திங்கள் விரதத்தில் சின்னம்மா காலையிலும் மத்தியானமும் பட்டினி. மாமா இரவில் ஒரு நேரம் இடியப்பத்தைக் குறைத்துக்கொள்வார். "ரெண்டு பேரும் விரதம்" என்பார். மலையேற ஊன்றுதடி ஒரு சோடி வாங்கினோம். நல்லது ஒன்றை அவர் எடுத்தார், திருகு இறுகாத மற்றது சின்னம்மாவுக்கு. குளிருக்குப் போட ஒரு குரங்குத் தொப்பி வந்தது. மன்னார் வெயிலில் மூன்று நாள் அதைப் போட்டுக்கொண்டு திரிந்து, வியர்வையும் தலை எண்ணெயும் ஊறி மொரமொரத்துப்போனதும், "நான் பழக்கிப்போட்டன், இனி நீ போடு" என்று தங்கையின் தலையில் மாட்டினார்.

கம்பளிச் சட்டைகளைப் பூச்சி அரிக்காமல் வைக்க அவருக்கு ஒரு யோசனை வந்தது. பேசாலையிலிருந்து மீன் கொண்டுவரும் அந்தோனிப்பிள்ளையிடம் ஐஸ் போட்டு மீன் அடைக்கிற பழைய றெஜிபோம் பெட்டி ஒன்றை வாங்கினார். "நல்லா இறுகும், காத்துப் போகாது." காற்று உண்மையிலேயே போகவில்லை. இரண்டு கிழமை கழித்துத் திறந்தபோது ஒன்பது சட்டைகளும் அழுகின சூடை மீனாக நாறின. மரக்கறியும் விரதமுமாக இருந்த கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடியது. அந்தோனிப்பிள்ளை சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி படலைக்குள் எட்டிப் பார்த்து, "மலையில பசிச்சால் சட்டையை அவிச்சுத் தின்னுங்கோ" என்று கத்திவிட்டுப் போனார். சின்னம்மா சட்டைகளைத் தேசிக்காய் போட்டு நாலு தரம் தோய்த்தார். மாமா கதிரையில் இருந்து, "நானும் நீயுமாத் தோச்சு முடிச்சிட்டம்" என்றார்.

இத்தனையும் வெறும் சிரிப்புக்குரிய கதையாகப் போயிருக்கும். மருத்துவச் சான்று என்று ஒன்று இருந்திராவிட்டால்.

பட்டினத்தில் ஒரு தனியார் மருந்தகம். ஆளுக்கொரு இலக்கத் துண்டு. நான்தான் துண்டுகளைப் பங்கிட்டேன். மாமாவுக்கு ஏழு, சின்னம்மாவுக்கு எட்டு. உள்ளே ஒரு பிள்ளை கையில் பட்டியைச் சுற்றி பிறஷர் பார்த்து, ஒரு சின்னத் தாளில் இலக்கத்தையும் அளவையும் மட்டும் எழுதிக் கொடுப்பாள். பேர் எழுதுவதில்லை. அதை நான் பத்திரத்தில் ஏற்ற வேண்டும். பிறகு டொக்டர் பத்திரத்தைப் பார்த்துக் கையெழுத்து வைப்பார்.

அண்ணனும் தங்கையும் ஒன்றாக உள்ளே போனார்கள். வெளியே வரும்போது இரண்டு தாளும் மாமாவின் கையில். சின்னம்மா தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். மாமா என் பக்கத்தில் வாங்கிலில் உட்கார்ந்து, தாள்களை என் கொப்பியில் வைத்தார். ஏழில் நூற்றெண்பத்தாறு, நூற்றுப்பத்து. எட்டில் நூற்றுப்பத்து, எழுபது.

"ஏழு அவவின்ர. எட்டு என்ர. எழுது," என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மாமா, ஏழு..."

"பிள்ளை." வாய் என் காதுக்குக் கிட்ட வந்தது. புகையிலையும் புளித்த வெற்றிலையும். "நான் விழுந்தால் குழு விழும். முகவர் என்னை நம்பித்தான் பேர் எடுத்தவன். ஒம்பது பேரின்ர ஆசையும் போகும். உன்ர இடமும் போகும். அவ விழுந்தால் அவ ஒராள்தானே? அடுத்த வருசம் போகலாம். எழுது."

அவர் என்னை மிரட்டவில்லை. பையிலிருந்து ஒரு ரொபி இனிப்பை எடுத்து, கடித்து, பாதியை என் பேனைக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் எழுதினேன். என் எழுத்து அழகாயிருக்கும்; அன்றைக்கும் அழகாக இருந்தது.

டொக்டர் சின்னம்மாவின் பத்திரத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இந்தப் பிறஷரோட பாலத்தடிக்குப் போறதே கூடாது. கைலாயமோ?" சின்னம்மா திடுக்கிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு தங்கையின் தோளைத் தட்டினார். மறுபடி பாருங்கோ என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பட்டி மேசையில்தான் கிடந்தது. டொக்டர் மாமாவின் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். சின்னம்மாவின் பேரில் பிறஷர்க் குளிசை எழுதினார். "உப்பைக் குறையுங்கோ. குறைஞ்சால் அடுத்த வருசம் பாப்பம்."

இப்போது தெரிகிறதா, அது என்ன குளிசை என்று?

சின்னம்மாவின் பேரில் வாங்கிய குளிசை. வேண்டியது மாமாவுக்கு. வேறு டொக்டரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். "எனக்கும் தடுப்புக்கு நல்லதாம்" என்று சொல்லி, அவர் தன் பாதியைக் கடித்தெடுத்துக்கொண்டு, மற்றதைத் தங்கைக்குக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. காவிப் பல், கடக், "இந்தா, பாதி உனக்கு." ஒரு சுகதேகிக்கு, நாளைக்கு இரண்டு பாதி, எச்சிலோடு. நான் எதிர்க் கதிரையில் இருந்து விசாப் பத்திரம் நிரப்பினேன்.

சின்னம்மா அழவில்லை. பிறஷரைக் குறைக்கத் தொடங்கினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உப்பில்லாக் கஞ்சி. உப்பில்லாக் கீரை. "உப்புக் குவியலில ஏறினதுக்குத்தான் இந்தத் தண்டனையோ" என்று தானே பகிடி விட்டார். விடியப்புறம் வழக்கம்போல நானாவின் கட்டடத்துக்கு வந்தார். "அடுத்த வருசத்துக்குப் பழகிறன் பிள்ளை. கால் விட்டுப்போகக்கூடாது." மேல்தட்டில் முன்னர்போல நிற்கவில்லை, குந்திவிடுவார். தலை சுற்றுகிறது என்பார். "பிறஷர் கூடினால் இப்பிடித்தானாம், அண்ணை சொன்னவர்."

குழு புறப்பட மூன்று கிழமை இருந்தது. ஒரு காலை, முப்பதாவது படியில் சின்னம்மா நின்றார். கையை நீட்டிச் சுவரைத் தேடினார். கைப்பிடி இல்லாத பக்கம் சாய்ந்தார். நான் ஒரு படி கீழே நின்றதால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் படியில் விழுந்தோம். அரிசிப் பை கீழே போய் வெடித்தது. கழுதைகள் வந்து அரிசியை நக்கத் தொடங்கின. நானா ஆட்டோ பிடித்தார். மாமா சீமெந்துப் பையிலிருந்து எழும்பி, "அவ வீட்டில படுத்தால் சரியாப்போம்" என்றார். நானா அவரைப் பார்க்காமலே, "ஆசுபத்திரி" என்றார் ஆட்டோக்காரரிடம்.

ஆசுபத்திரியில் நேர்ஸ் இரண்டு தரம் பிறஷர் பார்த்தார். "எண்பதுக்கு ஐம்பது. என்ன குளிசை போடுறவ?"

சொன்னேன்.

"ஆருக்குப் பிறஷர்?"

சின்னம்மாவின் காலில் ஒட்டியிருந்த சீமெந்துத் தூசியை நான் தட்டிக்கொண்டிருந்தேன்.

"பிறஷரே இல்லாத மனிசிக்கு இதை ஆர் குடுத்தது? கொல்லப் பாத்தியளோ?"

சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. சின்னம்மா கண் விழித்தபோது நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு, இலக்கம், ரொபி, என் எழுத்து. ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. சின்னம்மா சேலைன் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை ஏழோ, எட்டோ?"

"எட்டு."

"எட்டில என்ன இருந்தது?"

"நூற்றுப்பத்து, எழுபது."

"நல்லதோ அது?"

"என்ர வயசுக்காரிக்கு இருக்கிற மாதிரி, சின்னம்மா."

அவருடைய முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "அப்ப நான் ஏறின படியெல்லாம் எனக்குத்தான் சேர்ந்திருக்குது" என்றார். பிறகு சிரிப்புப் போய்விட்டது. "அண்ணையின்ர பேரை வெட்டு, பிள்ளை."

"வெட்டலாம். ஆனா உங்கட பேரைச் சேர்க்கேலாது. சீனப் பக்கத்துக்குப் பட்டியல் போயிட்டுது."

"என்னைச் சேர்க்கச் சொல்லி நான் கேக்கேல்ல. இந்தப் பிறஷரோட அந்த ஆள் மலையில விழுந்து செத்தால், அந்தச் சாவிலும் எனக்குப் பாதி தந்திட்டுத்தான் போகும். எனக்கு வேண்டாம். வெட்டு."

"அவரின்ர பேர் போனால் என்ர பேரும் போகும்," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சின்னம்மா என்னைப் பார்த்தார்.

ஆசுபத்திரி வாசலில் நின்று முகவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு பேரை வெட்டச் சொன்னேன். வவுனியாவில் இருந்து இன்னொருவர் குழுவைப் பொறுப்பெடுத்தார். குழு விழவே இல்லை. ஒரு நாள்கூடப் பிந்தவில்லை.

மறுநாள் சின்னம்மா வீட்டுக்கு வந்த நேரம் மாமா சாப்பாட்டு மேசையில் இருந்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். முகவர் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தார். இருந்தும் அவருடைய கை பழக்கத்தில் குளிசை அட்டையைப் பிதுக்கியது. பல்லுக்கு நடுவில் வைத்தார். கடக். பாதியை நீட்டினார்.

"இந்தா."

சின்னம்மா கையை நீட்டவில்லை. நானாவைப்போல இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டார்.

"முழுசா விழுங்குங்கோ அண்ணை."

"பாதி உனக்கு..."

"உங்கட வருத்தம், உங்கட குளிசை. முழுசா விழுங்குங்கோ."

அந்தப் பாதி அவருடைய விரல்களுக்கு நடுவில் கரையத் தொடங்கி வெள்ளையாக வழிந்தது. அதை என்ன செய்வது என்று உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"என்னைக் காட்டிக் குடுத்திட்டு நிக்கிறாய். எழுதினது ஆர்? என்ர கையோ? உன்ர கையெழுத்துத்தானே? பாதிப் பிழை உன்ர!"

அன்றைக்கு வரைக்கும் அவர் எனக்குத் தந்த எல்லாப் பாதியிலும் பல் பதிந்திருந்தது. அது ஒன்றுதான் சரியாக வெட்டிய பாதி.

அடுத்த வருடம் சின்னம்மா அந்த வவுனியாக் குழுவோடு போனார். மருந்தகத்துக்கு நானும் கூடப் போனேன். பிறஷர் எழுதிய தாளைக் கைக்குள் பொத்திக்கொண்டு வந்தார். பத்திரத்தில் ஏற்ற நான் கையை நீட்டினேன். "நானே குடுக்கிறன் பிள்ளை" என்று நேரே டொக்டரின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை. கதிரையை ஒதுக்கச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

திரும்பி வந்தபோது உதடு வெடித்து, மூக்கின் தோல் கறுத்து உரிந்திருந்தது. ஒழுங்கை முழுக்க வந்து சுற்றி நின்று, எப்படி இருந்தது, எப்படி இருந்தது என்று கேட்டோம்.

"படத்தில இருக்கிற மாதிரித்தான்," என்றார். "மடிப்பு மட்டும் இல்ல."

மானசரோவரத் தண்ணீர் இரண்டு சின்னப் போத்தலில் கொண்டுவந்திருந்தார். ஒன்றை மாமாவிடம் கொடுத்தார். அவர் மூடியைத் திறந்து, வாயை வைத்து உறிஞ்சி, பாதியில் நிறுத்தி, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார். போத்தலுக்குள் ஒரு பாக்குத் துருவல் சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்தா பிள்ளை, பாதி உனக்கு."

"அது முழுக்க உங்களுக்கு அண்ணை," என்றார் சின்னம்மா. "பிள்ளைக்கு வேற இருக்கு." மற்றப் போத்தலை, மூடி திறக்காமல், என் கையில் வைத்தார்.

அந்தப் போத்தல் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அடியில் பச்சையாக ஒரு நூல் மிதக்கத் தொடங்கிவிட்டது. கொட்டச் சொல்லி அம்மா கரைச்சல் படுத்துகிறார், நாறப்போகுது என்கிறார். ஒன்றிரண்டு தரம் எடுத்து, மூடியைத் திருகப் பல்லைக்கூட வைத்துவிட்டேன். வைத்ததும் முன்பற்கள் கூசும். திரும்ப வைத்துவிடுவேன்.